தட்டையான வளாக நெட்வொர்க்கைப் பிரித்துக் கட்டிய விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் கல்வி வளாகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே நிலையில் இருக்கும் வளாகங்கள் நிறைய. வகுப்பறைக் கட்டிடங்கள், ஆய்வகங்கள், நூலகம், நிர்வாக அலுவலகம், விடுதிகள் எல்லாமே 10.10.0.0/16 என்ற ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்; /16 என்றால் முகவரியின் முதல் 16 பிட் எல்லாவற்றுக்கும் பொது), வீலேன் 1இல் (ஸ்விட்ச்சுகளுக்குள் பிரித்துக் காட்டும் ஒரு தனி நெட்வொர்க்கில்) இருந்தன. விடுதி மாணவரின் கைபேசி, கணக்குப் பிரிவின் சர்வர், வாசல் கதவைத் திறக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கண்காணிப்பு கேமரா என்று எதுவும் எதோடும் நேரடியாகப் பேசலாம். நடுவில் சப்நெட்டுகளுக்கு இடையே வழி காட்டும் ரவுட்டரும் இல்லை, போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலும் இல்லை. ஃபயர்வால் ஒன்று இருந்தது, ஆனால் அது இணையத்துக்குப் போகும் வாசலில் மட்டும்.

யாரும் திட்டமிட்டு இப்படிக் கட்டவில்லை. ஆரம்பத்தில் இரண்டு கட்டிடம், சில ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி). அப்புறம் ஒவ்வொரு கட்டிடம் எழும்போதும் பக்கத்துக் கட்டிடத்து ரேக்கிலிருந்து ஒரு கேபிளை இழுத்து நீட்டினார்கள். நீட்டியது உடனே வேலை செய்தது, அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்படி எல்லாம் ஒரே பிரிவில் இருக்கும் தட்டையான நெட்வொர்க்கின் பெரிய கவர்ச்சியே இதுதான். எந்த போர்ட்டில் எதைச் செருகினாலும் ஓடும். உடைகிற நாளில் எல்லோருக்கும் சேர்ந்தே உடையும்.

புகார்கள் மூன்று வகையாக வந்தன. காலையில் முதல் வகுப்பு தொடங்கும் நேரத்தில் வைஃபை திணறும். எப்போதாவது வளாகம் முழுக்க எல்லாம் நின்றுபோகும், காரணம் தெரியாமலே திரும்பி வரும். மூன்றாவதாக, தணிக்கைக்கு வந்தவர்கள் விடுதி அறையிலிருந்தே கணக்குப் பிரிவின் சர்வரைத் தொட முடிகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றையும் வேறு வேறு பிரச்சினையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொருள் வாங்கும் யோசனைதான் முதலில் இருந்தது. கூடுதல் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பெட்டி), இன்னும் பெரிய கோர் ஸ்விட்ச் (எல்லாம் வந்து சேரும் நடு ஸ்விட்ச்), சர்வரில் ஒரு பாதுகாப்பு மென்பொருள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று நாங்கள் காட்டிய பிறகே வேலை திசை மாறியது.

வைஃபையை எடுத்துக்கொள்வோம். ஒரு கருவிக்கு இன்னொன்றின் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) தெரியாதபோது, அதைக் கேட்கும் ஏஆர்பி கேள்வியை பிராட்காஸ்ட்டாக, அதாவது எல்லோருக்கும் சேர்த்து, விடுகிறது. கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியும் அப்படித்தான் தொடங்குகிறது. பிரிண்டரும் புரொஜெக்டரும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மல்டிகாஸ்ட்டில் (ஒரு குழுவுக்கு அனுப்பும் செய்தியில்) அறிவித்துக்கொண்டே இருக்கும். வயரில் இதெல்லாம் பெரிய சுமையாகத் தெரியாது. ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் ஒரு பிராட்காஸ்ட்டைக் காற்றில் விடும்போது, தூரத்தில் இருக்கும் பலவீனமான கருவிக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில் விடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் பழைய வேகங்களை அணைக்காமல் விட்டிருந்தால் அது நொடிக்கு 1 மெகாபிட். நூற்றுக்கணக்கான மெகாபிட்டில் ஓடக்கூடிய காற்று நேரத்தை, யாருக்கும் வேண்டாத ஏஆர்பி கேள்விகள் ஆமை வேகத்தில் தின்றுகொண்டிருந்தன. விடுதியில் ஒரு கைபேசி எழுப்பும் கேள்வி வளாகத்தின் ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டிலும் ஒலிபரப்பாகிறது. இந்த நிலையில் கூடுதல் ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் அதே ஒலிபரப்பு இன்னும் பல இடங்களில் நடக்கும், அவ்வளவுதான்.

வளாகம் முழுக்க நிற்பதற்குக் காரணம் லூப், அதாவது கேபிள் இணைப்பு சுற்றி வந்து தன்னையே சேரும் வளையம். ஒரு முறை அது கணினி ஆய்வகத்தில் மேசைக்கு அடியில் கிடந்த ஒரு மலிவு ஸ்விட்ச்சில் தொடங்கியது. மேசையை நகர்த்தியபோது ஒரு பேட்ச் கார்டின் (குட்டி கேபிளின்) முனை கழன்றிருக்கிறது. ஒழுங்காக இருக்கட்டும் என்று யாரோ அதையும் அதே ஸ்விட்ச்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார்கள். ஐபி பாக்கெட்டுக்கு (தரவுப் பொட்டலத்துக்கு) டிடிஎல் என்று ஓர் ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து கடைசியில் பாக்கெட் செத்துவிடும். வயரில் அதைச் சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. லூப்பில் மாட்டிய ஒரு பிராட்காஸ்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் வெளியேயும் சிதறும். அந்தச் சிதறல் ஆய்வகத்தில் நிற்கவில்லை. வீலேன் 1 எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போனது, அதாவது எல்லா இடத்துக்கும்.

இதற்காகத்தான், லூப்பாகும் இணைப்புகளைத் தானே அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீ இருக்கிறதே என்று கேட்கலாம். ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய அந்த முறை அருமையான ஒன்று. ஆனால் அது சில எல்லைகளுக்குள் இயங்கும்படி வகுக்கப்பட்டது. பழைய 802.1டி நெறி தன் இயல்பான நேர அளவுகளை, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏழு ஸ்விட்ச்சுக்கு மேல் போகாது என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறது. இந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய ஒரு நிகழ்வு உண்டு. 2002 நவம்பர் 13 அன்று பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் சரிந்தது. அதுவும் துண்டு துண்டாக நீண்டு வளர்ந்த, தட்டையான நெட்வொர்க். ஸ்பேனிங் ட்ரீயின் ஏழு என்ற எல்லையைத் தாண்டிய பகுதிகள் அதில் இருந்தன. ஓர் ஆய்வுப் பயன்பாடு பெரிய அளவில் தரவை அனுப்பியபோது நெட்வொர்க் தாங்கவில்லை, லூப்புகள் உருவாயின. ஏறக்குறைய நான்கு நாள் மருத்துவர்கள் காகிதத்தில் மருந்துச் சீட்டும் பரிசோதனைச் சீட்டும் எழுதி ஓட்டினார்கள். அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே பேசினார். அந்த நேர்மையால் எத்தனையோ நெட்வொர்க்குகள் தப்பித்திருக்கும் என்று உண்மையாகவே நம்புகிறேன். அவர்கள் கண்ட தீர்வும் வெறும் பெரிய ஸ்விட்ச் இல்லை. நடுவில் ரவுட்டிங்கைக் கொண்டுவந்து கட்டமைப்பையே மாற்றினார்கள்.

இருப்பதைத் தெரிந்துகொள்ளுதல்

வரைபடம் ஒன்று இருந்தது, ஆனால் நிஜத்தோடு அது பொருந்தவில்லை. எந்த ஸ்விட்ச் எதோடு இணைந்திருக்கிறது என்பதை எல்எல்டிபி அறிவிப்புகளிலிருந்தும் (ஸ்விட்ச்சுகள் பக்கத்துக் கருவிகளுக்குத் தம்மை அறிமுகம் செய்யும் செய்திகள்), எந்தக் கருவி எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை மேக் அட்டவணையிலிருந்தும் எடுத்துப் புதிதாக வரைந்தோம். ஸ்விட்ச்சின் மேக் அட்டவணை வழக்கமாக 300 நொடியில் பழைய பதிவுகளை மறந்துவிடும். எப்போதாவது ஒரு முறை பேசும் கருவி அதில் சிக்காது. அதனால் இந்தத் தகவலைப் பகல், இரவு, விடுமுறை நாள், மாத இறுதி என்று வெவ்வேறு நேரங்களில் தொடர்ந்து சேகரிக்க வேண்டியிருந்தது. மாத இறுதியில் மட்டும் விழிக்கும் கருவி ஒன்று கணக்குப் பிரிவில் நிஜமாகவே இருந்தது.

ஸ்பேனிங் ட்ரீயின் ரூட் (மரத்தின் வேராக நிற்கும் ஸ்விட்ச்) எது என்று பார்த்தபோது எல்லோரும் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நின்றோம். கோர் ஸ்விட்ச்தான் ரூட்டாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. இருந்ததோ ஒரு பழைய ஆய்வகத்தின் சுவரில் தொங்கிய, வளாகத்திலேயே மிகப் பழைய ஸ்விட்ச். காரணம் எளிது. ரூட்டைத் தேர்ந்தெடுக்கும் பிரையாரிட்டி எண்ணை யாரும் மாற்றவில்லை, எல்லாவற்றிலும் 32768 என்ற இயல்பு மதிப்பே இருந்தது. சமமாக இருந்தால் குறைந்த மேக் முகவரி உள்ளது ஜெயிக்கும். ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளில் பழையதற்குத்தான் பெரும்பாலும் குறைந்த எண் இருக்கும். வளாகத்தின் போக்குவரத்து மரம் முழுக்க, மின்விசிறி தேய்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெட்டியை வேராகக் கொண்டு நின்றது. உங்கள் வளாகத்தில் இதை இதுவரை பார்த்ததில்லை என்றால், இன்றைக்கே பாருங்கள். ஒரே ஒரு கட்டளைதான்.

ஃபைபரும் ஒரு கட்டுப்பாடாக நின்றது. கட்டிடங்களுக்கு இடையே புதைத்திருந்ததில் பாதி, 62.5 மைக்ரான் ஓஎம்1 மல்ட்டிமோட் என்ற, குறுகிய தூரத்துக்கான பழைய வகை. அதில் 1 ஜிகாபிட் 220 முதல் 275 மீட்டர் வரை போகும். அதே ஃபைபரில் சாதாரண 10 ஜிகாபிட் எஸ்ஆர் மாட்யூலை (குறுந்தூர ஒளி இணைப்பானை) போட்டால் 33 மீட்டரே அதிகம். கட்டிடங்களுக்கு இடையே நீண்ட தூரத்துக்கான சிங்கிள்மோட் புதைப்பது தவிர வழியில்லை. சிங்கிள்மோடில் நெடுந்தூர எல்ஆர் மாட்யூல் 10 கிலோமீட்டர் வரை தாங்கும். நிதிப் பேச்சில் ஸ்விட்ச்சுக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கைக் குறைத்து, பள்ளம் தோண்டும் வேலைக்கு மாற்றச் சொன்னோம். ஸ்விட்ச்சை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பள்ளத்தை அடிக்கடி தோண்ட விடமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கெடுப்பு, எது எதோடு பேசுகிறது என்பது. இணைய வாசலில் மட்டும் அல்லாமல் கோர் ஸ்விட்ச்சிலும் ஃப்ளோ பதிவுகளைச் சேகரித்தோம். தட்டையான நெட்வொர்க்கில் இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே ஸ்விட்ச்சுக்குள் நடக்கும் பேச்சு கோருக்கு வராது. மிச்சத்தை ஆட்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூலக உதவியாளர், ஆய்வகப் பொறுப்பாளர், வருகைப்பதிவு இயந்திரத்தைப் பராமரிப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினோம். அவர்கள் சொன்னவற்றில் சில எந்தப் பதிவிலும் இல்லை.

வடிவமைப்பு

முதல் முடிவு: எந்த வீலேனும் தன் கட்டிடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒரு ரவுட்டிங் ஸ்விட்ச், அங்கிருந்து இரண்டு கோர் ஸ்விட்ச்சுக்கும் தனித்தனி ஃபைபர், நடுவில் ரவுட்டர்கள் வழிகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறி. இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் சுமை தாங்கும். ஸ்பேனிங் ட்ரீயில் ஒன்றை அடைத்து வைக்க வேண்டியிருந்தது போல இங்கே வேண்டியதில்லை. ஒரு கட்டிடத்தில் லூப் வந்தால் அந்தக் கட்டிடத்தோடு நிற்கும். இதை மட்டும் செய்திருந்தாலே முதல் இரண்டு புகாரும் பெருமளவு தீர்ந்திருக்கும்.

இரண்டாவது, எத்தனை பிரிவு என்பது. 802.1கியூ நெறி 12 பிட்டில் வீலேன் எண்ணைக் குறிப்பதால் 4094 வரை போடலாம். கேட்டால் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒன்று கேட்கும், கேட்டன. நாங்கள் வைத்த அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் கருவியை ஒரு வைரஸ் பிடித்தால், அது எதைத் தொடவே கூடாது? இந்தக் கேள்விக்கு இயற்பியல் துறைக்கும் பொருளியல் துறைக்கும் ஒரே பதில் என்றால் இரண்டுக்கும் ஒரே பிரிவு போதும். துறையின் பெயர்ப்பலகைக்காக வீலேன் போடுவதில் பாதுகாப்பு எதுவும் கூடாது, பராமரிப்புதான் பெருகும். கடைசியில் நின்றவை இவை: நிர்வாகம், ஆசிரியர்களும் ஊழியர்களும், வகுப்பறை-ஆய்வகக் கணினிகள், மாணவர்கள், விருந்தினர், தொலைபேசி, கட்டிடக் கருவிகள், சர்வர்கள், நெட்வொர்க் மேலாண்மை. கேமரா, கதவு, வருகைப்பதிவு எல்லாம் கட்டிடக் கருவிகளில் அடங்கும்.

முகவரித் திட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. ஆர்எஃப்சி 1918 (இணைய நெறிகளை வகுக்கும் ஆவண வரிசையில் ஒன்று) உள் நெட்வொர்க்குகளுக்குத் தரும் 10.0.0.0/8இல் இடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது எண் கட்டிடத்தைக் குறிக்கலாமா, பிரிவைக் குறிக்கலாமா? கட்டிடத்தை முன்னால் வைத்தால் கோரில் ஒரு கட்டிடத்துக்கு ஒரே ரவுட் (வழிக் குறிப்பு) போதும், பாடப்புத்தகம் சொல்வது அதுதான். பிரிவை முன்னால் வைத்தால் ரவுட்டுகள் கூடும், ஆனால் ஃபயர்வால் விதி எளிதாகும்: 10.20.0.0/16 என்றால் ஊழியர், 10.60.0.0/16 என்றால் கட்டிடக் கருவி, வளாகத்தில் எங்கே இருந்தாலும். இந்த அளவு வளாகத்தில் ரவுட்டுகள் சில நூறைத் தாண்டாது. இன்றைய எந்த ஸ்விட்ச்சுக்கும் அது பொருட்டே இல்லை. விதிகளைப் படிப்பதோ மனிதர்கள், அதுவும் பிரச்சினை வந்த இரவில். ஆகவே பிரிவு முன்னால்.

நூலகத்தின் எண் 7 என்றால் அங்கே ஊழியர் சப்நெட் 10.20.7.0/24, கேமராக்கள் 10.60.7.0/24. வீலேன் எண்ணும் 20, 60 என்று எல்லாக் கட்டிடத்திலும் ஒன்றேதான். கட்டிடத்தைத் தாண்டாததால் மோதாது, ஒரே கான்ஃபிக் வார்ப்பு (ஸ்விட்ச் அமைப்புகளின் மாதிரி) எல்லாக் கட்டிடத்துக்கும் பொருந்தும். விடுதிக்கு /24இன் 254 முகவரி போதாது, 1022 தரும் /22 வேண்டும். /22 மூன்றாவது எண்ணில் நான்கை எடுத்துக்கொள்வதால் விடுதிகளுக்கு 128, 132, 136 என்று நான்கு நான்காகத் தாவும் எண்களைக் கொடுத்தோம். புதிய, நீளமான முகவரி முறையான ஐபிவி6க்கும் இதே அமைப்பு. ஒரு /48க்குள் 65,536 தனித்தனி /64 இருக்கின்றன, எட்டு பிட் பிரிவுக்கு, எட்டு பிட் கட்டிடத்துக்கு.

சரி, வீலேன் பிரித்தாகிவிட்டது, சப்நெட் பிரித்தாகிவிட்டது. பல இடங்களில் வேலை இங்கேயே முடிந்ததாக அறிவித்துவிடுகிறார்கள். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம். கட்டிடத்தின் ரவுட்டிங் ஸ்விட்ச் தனக்குத் தெரிந்த எல்லா சப்நெட்டுக்கும் தானே வழி சொல்லிவிடும். நூலகத்தில் மாணவர் வீலேனிலிருந்து கேமரா வீலேனுக்குப் போகும் பாக்கெட், கோரைப் பார்க்காமல், ஃபயர்வாலைத் தொடாமல், அந்த ஸ்விட்ச்சுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். பிராட்காஸ்ட் பிரிந்தது, அணுகல் பிரியவில்லை. தணிக்கைக்காரர் மறுபடி வந்தால் அதே குறையை, முகவரியை மட்டும் மாற்றி எழுதிக் கொடுப்பார்.

இதை அடைக்க இரண்டு வழி. ஒவ்வொரு கட்டிட ஸ்விட்ச்சிலும் ஏசிஎல் (எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) எழுதலாம். ஆனால் ஏசிஎல்லுக்கு இணைப்பின் நிலை தெரியாது, பதில் பாக்கெட்டுக்கும் தனியாக வழி விட வேண்டும். கட்டிடத்துக்குக் கட்டிடம் பிரதிகள் மெல்ல வேறுபடவும் தொடங்கும். நாங்கள் தேர்ந்தது விஆர்எஃப். ஒரே ஸ்விட்ச்சுக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி ரவுட்டிங் அட்டவணை. மாணவர் அட்டவணைக்குக் கேமரா சப்நெட் இருப்பதே தெரியாது, தெரிந்தது எல்லாம் மற்ற கட்டிடங்களின் மாணவர் சப்நெட்டுகளும், வெளியே போக ஃபயர்வாலை நோக்கிய ஒரு இயல்பு வழியும்தான். பிரிவுக்குள் பேச்சு கோர் வழியே வேகமாகப் போகும். பிரிவைத் தாண்ட வேண்டுமென்றால் ஃபயர்வாலைக் கடந்தே ஆக வேண்டும். இதற்கு விலை உண்டு: ஒவ்வொரு விஆர்எஃபுக்கும் தனி ஓஎஸ்பிஎஃப், ஒவ்வொரு ஃபைபர் இணைப்பிலும் பிரிவுக்கு ஒரு துணை இணைப்பு. பிரிவுகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்ததன் அருமை இங்கேதான் தெரிந்தது.

பிரிவுக்கு உள்ளேயும் ஒரு கேள்வி மிச்சம். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பரவியபோது அது கணினிக்குக் கணினி, கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் (இங்கே கேபிள் ஓட்டை அல்ல, மென்பொருள் வாசல் எண்) வழியே தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாமல் விட்ட கணினிகள் மாட்டின. ஒரு மாணவர் கணினி இன்னொரு மாணவர் கணினியோடு அந்த போர்ட்டில் பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆகவே மாணவர், விருந்தினர் வைஃபையில் கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்தோம், விடுதி வயர் போர்ட்டுகளிலும் அப்படியே. கேமராக்களுக்கு 2016இன் மிராய் தீம்பொருள் போதிய பாடம். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் டெல்நெட் என்ற பழைய தொலை நுழைவு முறை வழியே பிடித்துப் பெரிய தாக்குதல் படையாக்கியது அது. எங்கள் கட்டிடக் கருவிப் பிரிவுக்கு இணையம் கிடையாது. நேரம் சரிபார்க்க வளாகத்துக்குள்ளேயே என்டிபி சர்வர், பதிவு செய்ய ரெக்கார்டர், அவ்வளவுதான்.

மாற்றியபோது கண்டவை

ஒரு சிறிய கட்டிடத்தை முன்னோட்டமாக எடுத்தோம். யாருடைய வேலையும் நிற்காத கட்டிடமாகப் பார்த்து எடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதைத் தவிர்த்து, எல்லா வகைக் கருவியும் கொஞ்சம் கொஞ்சமாவது இருக்கும் கட்டிடமாக எடுத்தோம். முன்னோட்டத்தில் உடையாதது கடைசியில் நிர்வாகக் கட்டிடத்தில்தான் உடையும்.

டிஎச்சிபி லீஸ் காலத்தை (ஒரு முகவரியைக் கடனாகக் கொடுக்கும் காலத்தை) முன்கூட்டியே குறைத்தாக வேண்டும். விண்டோஸ் டிஎச்சிபி சர்வரின் இயல்பு 8 நாள், கணினி பாதிக் காலத்தில்தான் புதுப்பிக்கக் கேட்கும். போர்ட்டின் வீலேனை மாற்றி போர்ட்டை ஒரு முறை அணைத்து எழுப்பினால் பெரும்பாலான கணினிகள் புது முகவரி கேட்டுவிடும். ஆனால் மேசைத் தொலைபேசிக்குப் பின்னாலோ குட்டி ஸ்விட்ச்சுக்குப் பின்னாலோ இருக்கும் கணினிக்கு இணைப்பு அறுந்ததே தெரியாது. பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு ‘நெட் இல்லை’ என்று நிற்கும். லீஸை ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு மணி நேரமாகக் குறைத்து வைத்ததால் இவை தாமாகவே சரியாகின.

கையால் முகவரி எழுதிய கருவிகள்தான் அதிக நேரம் எடுத்தன. அவற்றில் ஒரு வருகைப்பதிவு இயந்திரத்தைச் சொல்ல வேண்டும். புது முகவரி, புது கேட்வே (சப்நெட்டை விட்டு வெளியே போகும் வாசல்) இரண்டையும் சரியாகப் போட்டிருந்தார்கள், சப்நெட்டின் எல்லையைச் சொல்லும் மாஸ்க்கை மட்டும் பழைய 255.255.0.0 என்றே விட்டிருந்தார்கள். அந்த மாஸ்க்கோடு பார்த்தால் 10.60 என்று தொடங்கும் எல்லா முகவரியும் அதன் பக்கத்தில் இருப்பதாகவே அது நினைக்கும். வேறு கட்டிடத்தில் இருக்கும் தன் சேகரிப்புப் பெட்டிக்கு கேட்வேயைக் கேட்காமல் நேராக ஏஆர்பி விட்டது. ஆச்சரியம், அது வேலை செய்தது! ஸ்விட்ச்சில் பிராக்சி ஏஆர்பி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்ததால், ‘அந்த முகவரி என்னிடம்தான் இருக்கிறது’ என்று ஸ்விட்ச் பதில் சொல்லிப் பாக்கெட்டை வாங்கிக் கடத்திவிட்டது. பாதுகாப்புக்காக பிராக்சி ஏஆர்பியை அணைத்த அன்று, யாரும் எதையும் தொடாத ஓர் இயந்திரம் திடீரென்று ஊமையானது. பிராக்சி ஏஆர்பியை முன்னோட்டக் கட்டிடத்திலேயே, முதல் நாளே அணைத்துவிடுங்கள். தவறான மாஸ்க்குகள் அப்போதே வெளியே வரும்.

விண்டோஸ் கணினிகளில் இன்னொரு மறைவான தடை. கோப்பு-பிரிண்டர் பகிர்வுக்கான அதன் சொந்த ஃபயர்வால் விதிகள், டொமைனில் (நிறுவனத்தின் மையக் கட்டுப்பாட்டில்) சேராத கணினியில், இயல்பாகவே ‘உள்ளூர் சப்நெட்’ என்ற எல்லையோடு வருகின்றன. ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங்குக்கான பதிலும் அதில் அடக்கம். தட்டையான நெட்வொர்க்கில் வளாகம் முழுக்க உள்ளூர்தான். பிரித்த மறுநாள் ஆய்வகப் பொறுப்பாளர் தன் அறையிலிருந்து ஆய்வகக் கணினிகளைப் பார்க்க முடியாமல் போனார். எங்கள் ஃபயர்வால் பதிவில் எல்லாம் அனுமதிக்கப்பட்டதாகவே இருந்தது. பதில் தராமல் இருந்தது கடைசிக் கணினியே.

புரொஜெக்டருக்குக் கைபேசியிலிருந்து படம் அனுப்புவது நின்றது. கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் 224.0.0.251 என்ற முகவரிக்குப் பேசும், அந்த வரிசை முகவரிகளை ரவுட்டர் கடத்தவே கூடாது என்பது விதி. வைஃபை கன்ட்ரோலரில் எம்டிஎன்எஸ் கேட்வேயை இயக்கி, ஆசிரியர்களுக்கு வகுப்பறைப் புரொஜெக்டர்கள் மட்டும் தெரியும்படி வடிகட்டினோம். முன்பு பட்டியலில் வளாகத்தின் எல்லாப் புரொஜெக்டரும் தெரிந்து, தவறான வகுப்பில் படம் தோன்றிய தொந்தரவும் இதோடு தீர்ந்தது. ஆய்வகக் கணினிகளை இரவில் எழுப்பும் வேக்-ஆன்-லேன் பாக்கெட்டும் பிராட்காஸ்ட்தான். ரவுட்டரில் டைரக்டட் பிராட்காஸ்ட்டை, அதாவது வெளியிலிருந்து ஒரு சப்நெட் முழுக்க அனுப்புவதை, திறந்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். 1999இலிருந்தே அதை இயல்பாக மூடி வைக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 2644, பெருக்கித் தாக்கும் வேலைகளுக்கு அது பயன்பட்டதால். திறக்காமல், ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு கணினியை எழுப்பும் பொறுப்பில் வைத்தோம்.

ஃபயர்வாலில் ஆரம்பத்தில் எதையும் தடுக்கவில்லை. அனுமதித்துப் பதிவு மட்டும் செய்யும் விதி அடியில் இருந்தது. பதிவில் வருவதை ஒவ்வொன்றாகப் பார்த்து, உரியவரிடம் கேட்டு, தேவையானதற்குத் தனி விதி எழுதினோம். அடி விதியில் விழுவது குறையக் குறைய, பிரிவு பிரிவாகத் தடுப்புக்கு மாற்றினோம். மாத இறுதிக் கணக்கு, தேர்வு, சேர்க்கை ஆகியவற்றைக் கடக்காமல் எந்தப் பிரிவையும் தடுப்புக்கு மாற்றவில்லை. நிர்வாகத்திலிருந்து இது ஏன் இத்தனை நாள் இழுக்கிறது என்ற கேள்வி வந்தது. விதிகளை உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது, கேட்டுக் கேட்டுத்தான் எழுத முடியும். அதற்கு ஒரு முழுச் சுற்று வேண்டும். ஒவ்வொரு விதியிலும் யார் கேட்டது, எதற்காக, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்ற குறிப்பு உண்டு. மறுபார்வைத் தேதி இல்லாத விதியை ஏற்பதில்லை.

வைஃபையில் எஸ்எஸ்ஐடிகளை (வைஃபை பெயர்களை) மூன்றாகக் குறைத்தோம். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் ஏறக்குறைய நொடிக்குப் பத்து முறை, குறைந்த வேகத்தில், பீக்கன் என்ற இருப்பு அறிவிப்பை விடுகிறது. பெயர்கள் பெருகினால் அதற்கே காற்று நேரம் போய்விடும். ஊழியரும் மாணவரும் ஒரே பெயரில் 802.1எக்ஸ் (அடையாளம் கேட்டு உள்ளே விடும் நெறி) வழியே நுழைகிறார்கள், அடையாளத்தைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஆளைப் பார்த்து வீலேனைச் சொல்கிறது. கைபேசிகள் இப்போது உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போலி முகவரியே இயல்பு. மேக் பட்டியல் வைத்து ஆளை அடையாளம் காணும் பழைய முறை இதனால் பயனற்றுப்போனது. விருந்தினர் பிரிவில் லீஸ் காலத்தைக் குறுக்காவிட்டால் முகவரிகளும் தீர்ந்துவிடும்.

அணுகல் போர்ட்டுகளில் பிபிடியு கார்ட் (ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை அணைப்பது), ஸ்டார்ம் கன்ட்ரோல் (பிராட்காஸ்ட் வெள்ளத்தைத் தடுப்பது), டிஎச்சிபி ஸ்னூப்பிங் (போலி டிஎச்சிபி சர்வரைத் தடுப்பது), ஆர்ஏ கார்ட் (போலி ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்பைத் தடுப்பது) எல்லாம் வார்ப்பிலேயே இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை, நாங்கள் ஐபிவி6 தரவே இல்லையே என்று சொல்லிப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் தராவிட்டாலும் உங்கள் கணினிகள் எல்லாம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. யாரோ ஒருவர் தவறான ரவுட்டர் அறிவிப்பை விட்டால் நம்பிவிடும்.

இன்றைய நிலை

லூப் இப்போதும் வருகிறது. மேசையை நகர்த்துபவர்கள் இருக்கும் வரை வரும். பிபிடியு கார்டோ ஸ்டார்ம் கன்ட்ரோலோ ஒரு போர்ட்டை அணைக்கிறது, அந்த போர்ட்டின் பெயரோடு எச்சரிக்கை வருகிறது, பக்கத்து அறைக்கே தெரியாமல் சரியாகிறது. காலை நேர வைஃபைப் புகார் ஓய்ந்துவிட்டது, புது ஆக்சஸ் பாயிண்ட் எதுவும் வாங்காமலே. கணக்குப் பிரிவின் சர்வரை விடுதியிலிருந்து தொட முடியாது.

முடியாமல் நிற்பவையும் உண்டு. வகுப்பறை வயர் போர்ட்டுகளில் 802.1எக்ஸ் இன்னும் வரவில்லை. சான்றிதழ் ஏற்க முடியாத பிரிண்டர்களும் பழைய தொலைபேசிகளும் மேக் முகவரியை நம்பி உள்ளே வருகின்றன, அது பலவீனமான பூட்டு. ஆய்வுத் துறையிலிருந்து மிகப் பெரிய தரவுக் கோப்புகள் வெளியே போகும்போது ஃபயர்வால் இடைஞ்சலாகிறது. அந்தச் சில சர்வர்களை மட்டும் வாசலுக்குப் பக்கத்தில், ஏசிஎல் காவலோடு தனியாக வைக்கும் சயின்ஸ் டிஎம்இசட் அமைப்பைப் பரிசீலிக்கிறோம்.

ஒரு நுண்ணோக்கியை இயக்கும் கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது. 2014 ஏப்ரலோடு அதற்கு வழக்கமான திருத்தங்கள் நின்றுவிட்டன. கருவியின் மென்பொருள் வேறு எதிலும் ஓடாது, கருவியோ நன்றாக வேலை செய்கிறது. அதற்கென்று ஆறு முகவரி மட்டும் உள்ள ஒரு /29 கொடுத்திருக்கிறோம். அதிலிருந்து ஒரே ஒரு கோப்பு சர்வருக்கு மட்டும் வழி, உள்ளே வர எதற்கும் வழி இல்லை. அந்த விதியின் மறுபார்வைத் தேதி ஒவ்வொரு முறை வரும்போதும் ஆய்வகத்துக்குப் போய், கணினி இன்னும் தேவைதானா என்று கேட்கிறோம். இதுவரை தேவை என்றுதான் சொல்கிறார்கள், விதியும் தொடர்கிறது.